குழி போடுற மெஷினும் நம்ம கோரிக்கையும்

(திருத்தங்கலில் நடந்த கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



கோரிக்கையைப் பேசுவதற்கு முன்னால் உங்களிடம் ஒரு கணக்கு ஒப்படைக்கணும். போன வருஷம் நாற்பது பேர், ஆளுக்கு 2,000 ரூபாய் போட்டு, 80,000 ரூபாயை என் கையில் கொடுத்தீங்க. வேலிக் கால் ஊன்றுவதற்கு டிராக்டரில் மாட்டுற ஹைட்ராலிக் குழி மெஷின் வாங்கச் சொன்னீங்க. வாங்கினேன். வாங்கின மூணாவது நாள், நம்ம அக்கா ஒருத்தர் காட்டில் வைத்து ஓட்டிப் பார்த்தோம். அரைச் சுற்று சுற்றி நின்னுருச்சு. அன்றைக்கு அங்கே இருந்தவங்க சிரிச்சீங்க. நான் சிரிக்கலை. இரவெல்லாம் தூக்கம் வரலை. அது ஏன் நின்றது, இப்போ எப்படி ஓடுது, அதில் நம்ம தப்பு எவ்வளவு, அரசாங்கம் செய்யாமல் விட்டது எவ்வளவு, எல்லாத்தையும் பிரிச்சுச் சொல்றதுக்குத்தான் இன்றைக்கு இந்த மைக்கைப் பிடிச்சிருக்கேன்.

முதல்ல, வேலி எதுக்கு என்ற கதைக்கு வருவோம். மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற நேரம், நிலக்கடலை காய் இறங்குற நேரம், ஒரு ராத்திரி போதும். பன்றிக் கூட்டம் புகுந்தால் விடியும்போது காடு உழுது போட்ட மாதிரி கிடக்கும். முன்னாடியெல்லாம் இது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு மலையடிவாரத்துக்காரங்க கவலை. இப்போ கண்மாய்க்குள்ளேயும் ஓடைக்குள்ளேயும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கு. பன்றிக்கு அதுவே காடு. பகல் முழுக்க உள்ளே படுத்துக்கிட்டு, இருட்டினதும் நம்ம காட்டுக்கு வருது. 2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவு அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடணும், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறைப் பணியாளர்களே சுடலாம் என்று. நல்லது. ஆனால் வனத்துறைக்காரர் நம்ம காட்டு வரப்பில் ராத்திரி காவல் இருக்கப் போறதில்லை. கதிரைக் காப்பாற்ற வேலிதான் வேணும்.

வேலி என்றதும் சிலபேர் என்ன செய்றாங்க? மோட்டார் ரூமிலிருந்து நேரே ஒரு வயரை இழுத்துக் கம்பியில் கொடுத்திடுறாங்க. அது பன்றியை மட்டுமா கொல்லும்? தண்ணி பாய்ச்சப் போன மகனைக் கொல்லும், புல்லறுக்க வந்த பக்கத்துக் காட்டுக்காரியைக் கொல்லும். அந்த வேலையை இந்தச் சங்கத்துக்காரன் எவனும் செய்யக் கூடாது. செய்தால் சங்கம் பக்கத்தில் நிற்காது. சோலார் வேலி வேறே. அதில் விட்டு விட்டுத் துடிப்பாக அதிர்ச்சி வரும், விரட்டும், கொல்லாது. அதற்கும் விதி இருக்கு. தமிழ்நாட்டில் 2023ல் மின்வேலிக்கென்று பதிவு, ஒழுங்குமுறை விதிகள் வந்திருக்கு. காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் நிலம் உள்ளவங்க கட்டாயம் பதிவு செய்யணும். மலையடிவாரத் தோழர்கள் இதைக் குறிச்சுக்கோங்க.

சோலார் வேலியோ, முள்கம்பியோ, வலைக்கம்பியோ, எதுவானாலும் கால் ஊன்றணும். கால் ஊன்றக் குழி வேணும். இங்கேதான் நம்ம பிழைப்பு இடிக்குது. ஆள் எங்கே? திருத்தங்கலைச் சுற்றிப் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம். காலையில் வேன் வந்து வீட்டு வாசலில் ஏற்றிக்கிட்டுப் போகுது. நிழலில் உட்கார்ந்து செய்ற வேலையை விட்டுட்டு, ஐப்பசியில் நம்ம காட்டில் வந்து கடப்பாரை பிடிக்க யார் வருவா? அவங்களை நான் குறை சொல்லலை. என் வீட்டுப் பிள்ளைகளே அந்த வேன்ல போறாங்க. அப்படியும் வாடகைக்குக் குழி மெஷின் வச்சிருக்கிறவர் ஒருத்தர் ரெண்டு பேர் இருந்தால், பட்டாசு ஆலைக்குச் சுற்று வேலி போடுற வேலைக்கு முதல்ல போறாங்க. நூற்றுக்கணக்கான குழி ஒரே இடத்தில், கையில் காசு. நமக்கு "அடுத்த வாரம் வர்றேன் அண்ணாச்சி" என்கிறாங்க. அடுத்த வாரம் மழை விழுந்திடும். அதனால்தான் சொந்தமாக வாங்கலாம் என்று முடிவெடுத்தோம்.

முதல் தப்பு இங்கேயே நடந்தது. மெஷினை மட்டும் பார்த்தோம், டிராக்டரைப் பார்க்கலை.

டிராக்டர்ல குழி போடுற மெஷின் ரெண்டு ஜாதி. ஒன்று பிடிஓவில் ஓடுறது. பின்னாடி இருக்கிற பிடிஓ தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று. அதிலிருந்து ஒரு தண்டு போய் மெஷின் மேலே இருக்கிற கியர் பெட்டியில் சேரும். கியர் பெட்டி சுற்றைக் குறைச்சு வலுவைக் கூட்டும். மூன்றில் ஒன்றாகக் குறைச்சால் திருகு 180 சுற்று சுற்றும். நம்ம கடைகளில் அதிகமா இருக்கிறது இதுதான். விலை குறைவு, பழுது பார்க்க உள்ளூர் மெக்கானிக் போதும். இன்னொன்று ஹைட்ராலிக். அதில் தண்டும் கியர் பெட்டியும் இல்லாமல், ஆயில் அழுத்தத்தில் ஒரு மோட்டார் சுற்றும். திருகு அந்த மோட்டாரில் தொங்கும்.

ஹைட்ராலிக்கை எதுக்கு விரும்பினோம்? திருகு மண்ணுக்குள் மாட்டிக்கிட்டால் லீவரை மறுபக்கம் தள்ளினால் போதும், பின்னோக்கிச் சுற்றி வெளியே வந்திடும். பிடிஓ மெஷினில் அது கிடையாது. வேகமாக இறக்கினால் மரத்தில் ஸ்குரூ ஏறுற மாதிரி தானாகவே மண்ணுக்குள் இறங்கிடும். அப்புறம் லிப்ட் தூக்காது. தூக்கப் பார்த்தால் டிராக்டர் முன் சக்கரம்தான் மேலே எழும்பும். பைப் ரிஞ்சைப் போட்டு நாலுபேர் பின்னோக்கித் திருகணும். சில டிராக்டர் மாடல்களில் ரிவர்ஸ் பிடிஓ உண்டு. அது இருக்கிறவங்களுக்கு இந்தத் தொல்லை பாதி குறையும். வாங்கும்போது கேட்டு வாங்குங்க, ஏற்கெனவே வச்சிருக்கிறவங்க லீவர் எங்கே இருக்கு என்று பாருங்க. நிறையப் பேருக்குத் தன் வண்டியில் அது இருக்கிறதே தெரியாது.

கல்லில் தட்டினால் என்ன ஆகும் என்றும் பார்க்கணும். பிடிஓ மெஷினில் சியர் போல்ட் ஒன்று வச்சிருப்பாங்க. திருகு நின்றால் அந்தப் போல்ட் வெட்டிக்கொள்ளும், கியர் பெட்டி பிழைக்கும். ஹைட்ராலிக்கில் ரிலீப் வால்வு திறந்து ஆயிலைத் திருப்பி விடும். மோட்டார் சும்மா நிற்கும், எதுவும் உடையாது. நம்ம ஆட்கள் என்ன செய்றாங்க, போல்ட் அடிக்கடி வெட்டுது என்று கெட்டியான ஹைடென்சில் போல்ட்டைப் போட்டுடுறாங்க. அன்றைக்குப் போல்ட் வெட்டாது, கியர் பெட்டி உடையும். இருபது ரூபாய் போல்ட்டை மிச்சப்படுத்திக் கியர் பெட்டியைப் பலி கொடுத்த ஆட்கள் இந்தக் கூட்டத்திலேயே ரெண்டு பேர் இருக்கீங்க. பேர் சொல்ல மாட்டேன்.

இவ்வளவும் சரிதானே, பிறகு ஏன் நம்ம மெஷின் நின்றது? கேளுங்க. ஹைட்ராலிக் மோட்டாருக்கு ஆயில் ஒரு ஹோஸில் போகணும், இன்னொரு ஹோஸில் திரும்பி வரணும். நம்ம ஊர் டிராக்டர் நிறையத்தில் பின்னாடி இருக்கிறது டிப்பர் டிரெய்லர் தூக்குறதுக்கான ஒற்றை லைன். அதில் ஆயில் போகும், டிரெய்லர் இறங்கும்போது அதே வழியில் திரும்பி வரும். அதில் மோட்டாரை மாட்டினால் ஆயில் உள்ளே போன பிறகு வெளியேற வழியில்லை. அரைச் சுற்றில் நிற்காமல் என்ன செய்யும்? விற்றவர் "டிப்பர் லைன்ல மாட்டுங்க, ஓடும்" என்று சொன்னார். நானும் படிச்சவன்தான், திருப்பிக் கேட்டிருக்கணும். கேட்கலை. திரும்ப எடுத்துக்கோங்க என்று கடிதம் போட்டோம், மூணு தடவை நேரில் போனோம். விற்ற பொருள் திரும்பாது என்ற பதில்தான் வந்தது.

பிறகு ஒரு மெக்கானிக் தம்பி, திரும்புற ஹோஸை டிராக்டர் கியர் ஹவுசிங் மூடியில் துளை போட்டு விட்டுக் கொடுத்தார். சுற்றுச்சு. சந்தோஷப்பட்டோம். ஆனால் ஈரம் காய்ந்த கரிசலில் ஒரு முழம் இறங்கினதும் முக்க ஆரம்பிச்சுருச்சு. 45 குதிரை சக்தி டிராக்டர் ஏன் முக்குது? இந்தக் கணக்கை எல்லோரும் தெரிஞ்சுக்கணும். கடைக்காரர் சொல்ல மாட்டார். நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் ஆயில் வருது, எத்தனை பார் அழுத்தத்தில் வருது, இந்த ரெண்டையும் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட். நம்ம டிராக்டரின் லிப்ட் பம்ப் தள்ளினது 22 லிட்டர், அழுத்தம் 150 பார். பெருக்கி வகுத்தால் ஐந்தரைக் கிலோவாட். குதிரை சக்தியில் ஏழும் சொச்சமும். வண்டி 45 குதிரையாக இருந்தாலும், திருகுக்குப் போய்ச் சேர்ந்தது ஏழு குதிரை. அதே வண்டியின் பிடிஓவில் 35 குதிரைக்கு மேலே கிடைக்கும்.

சுற்றுக்கும் கணக்கு இருக்கு. மோட்டார் மேலே தகட்டில் சிசி என்று போட்டிருக்கும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு ஆயில் குடிக்கும் என்பது அது. நம்மது 500 சிசி, அதாவது அரை லிட்டர். 22 லிட்டர் வந்தால் 44 சுற்று. கசிவு போக அதுவும் வராது. சின்ன மோட்டார் போட்டால் சுற்று கூடும், வலு குறையும். பெரிய மோட்டார் போட்டால் வலு கூடும், சுற்று குறையும். ரெண்டும் வேணும் என்றால் ஆயில்தான் கூடணும், வேறே மந்திரம் இல்லை.

இன்னொரு தொல்லையும் வந்தது. அந்த வண்டியில் லிப்டுக்கும் வெளி லைனுக்கும் ஒரே பம்ப். திருகு சுற்றும்போது லிப்ட் தூக்க மறுக்குது. லிப்ட் தூக்கும்போது திருகு நிற்குது. குழி போடுற வேலையே சுற்றிக்கிட்டே கொஞ்சம் இறக்கி, மேலே தூக்கி மண்ணை உதறி, திரும்ப இறக்குறதுதான். அது முடியலைன்னா எதுக்கு மெஷின்? இருபது நிமிஷத்தில் ஹவுசிங்கில் கை வைக்க முடியாத சூடு. மேலும், கியருக்கும் லிப்டுக்கும் ஒரே ஆயில். கப்ளர் முனையில் ஒட்டின கரிசல் மண் உள்ளே போனால் பம்ப் மட்டும் கெடாது, கியரும் சேர்ந்து தேயும். ஏழு லட்சம் ரூபாய் வண்டியை எண்பதாயிரம் ரூபாய் மெஷினுக்காக அழிக்கிற வேலை. போதும் என்று நிறுத்திட்டேன்.

கடைசியில் சிவகாசியில் அச்சு மெஷினுக்கு வேலை பார்க்கிற ஒரு லேத் பட்டறையில் போய் நின்றோம். அங்கே இருந்த பெரியவர் ஒரு பார்வை பார்த்துட்டு, "டிராக்டர் ஆயிலைத் தொடாதீங்க. பிடிஓவில் தனிப் பம்ப் மாட்டுங்க, தனி டாங்கி வைங்க" என்றார். அதைத்தான் செஞ்சோம். பிடிஓவின் 540 சுற்றை மூன்று மடங்காக ஏற்றுகிற கியர் பெட்டி, அதில் சுற்றுக்கு 25 சிசி தள்ளுற பம்ப். நிமிஷத்துக்கு 40 லிட்டர் வருது. அழுத்தம் 160 பாரில் வச்சிருக்கு. இப்போ கணக்குப் போடுங்க: பத்தரைக் கிலோவாட்டுக்கு மேலே, பதினான்கு குதிரை. அதே 500 சிசி மோட்டார் 80 சுற்று சுற்றுது. 80 லிட்டர் ஆயில் டாங்கி, திரும்புற வழியில் பில்டர். லிப்ட் தன் வேலையைத் தனியாகப் பார்க்குது. எந்த டிராக்டரிலும் மாட்டலாம், டிப்பர் லைன்கூட வேண்டாம். ஒரு மெஷின் பத்து ஊர் சுற்றணும், பத்து விதமான வண்டியில் மாட்டணும் என்றால் இந்த வகைதான் சரி. இது என் முடிவு.

ஆனால் தனியாக ஒருத்தர், தன் வண்டிக்கு, வருஷத்துக்கு நூறு இருநூறு குழிக்கு வாங்கணும் என்றால் ஹைட்ராலிக் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நல்ல கியர் பெட்டி உள்ள பிடிஓ மெஷின் போதும். காசை வீணாக்காதீங்க. கையில் பிடிக்கிற பெட்ரோல் மெஷினைப் பற்றியும் கேட்கிறீங்க. செம்மண்ணில், ஈரத்தில், நாலு இஞ்ச் ஆறு இஞ்ச் குழிக்குச் சரி. சரளையில் திருகு மாட்டினால் மெஷின் நிற்கும், பிடிச்ச ஆள் சுற்றுவான். மணிக்கட்டு போயிடும்.

மண்ணைப் பற்றி ரெண்டு வார்த்தை. திருத்தங்கல் மலைமேல் பெருமாள் நிற்கிறாரே, அந்தப் பாறைதான் நம்மில் சிலர் காட்டுக்கு அடியிலும் ஓடுது. திருகு மண்ணை அறுக்கும், பாறையை அறுக்காது. போர் போட வர்ற திருச்செங்கோட்டு ரிக் வண்டி காற்றழுத்தத்தில் சுத்தியலாக அடிச்சுத் துளைக்கிறது. அந்த வேலையை இதனிடம் எதிர்பார்க்காதீங்க. சுக்கான், சரளை வரைக்கும் கார்பைடு பல் வச்ச திருகு இழுத்துக்கும். பல் தேய்ந்தால் மாற்றுற மாதிரி போல்ட் போட்டதாக வாங்குங்க. வெல்டு வச்சு ஒட்டின பல் வேண்டாம். நடு முனையும் தனியே கழற்றி மாற்றுற மாதிரி இருக்கணும். கரிசலில் சேறாக இருக்கும்போது இறக்கினால் திருகு பூராவும் அப்பிக்கிட்டு வரும். சித்திரை வெயிலில் இறக்கினால் இரும்பு மாதிரி இருக்கும். ஒரு மழை பெய்து நாலைந்து நாள் காய்ந்த பதம்தான் நல்ல பதம். விதைப்புக்குப் பார்க்கிற அதே பதம். நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எத்தனை இஞ்ச் திருகு வாங்கலாம்? பெருசாக வாங்கினால் எல்லாத்துக்கும் ஆகும் என்று நினைக்காதீங்க. விட்டம் ரெண்டு மடங்கு ஆனால் மண் நாலு மடங்கு. 12 இஞ்சுக்குப் போதுமான வலு 24 இஞ்சைச் சுற்றாது. கல்லுக்காலுக்கு 9 இஞ்ச் அல்லது 12 இஞ்ச், ரெண்டடி ஆழம் போதும். கையால் தோண்டினால் மம்பட்டி திரும்ப இடம் வேணுமே, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தோண்டுவோம். நாலரைக் கன அடி மண் வெளியே வரும். 12 இஞ்ச் திருகில் ஒன்றரைக் கன அடிதான். மூன்றில் ஒரு பங்கு. கான்கிரீட் போடுறவங்களுக்கு அத்தனையும் சிமெண்ட் மிச்சம். அதைவிட முக்கியம், காலைச் சுற்றி அசையாத பூமி இருக்கு. பன்றி முட்டினாலும் சாயாது.

மரம் வைக்கக் குழி போடுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. தென்னைக்கு மூணடிக்கு மூணடி கேட்கும். திருகுக் குழி அதுக்கு ஆகாது, நடுவில் துளைச்சுட்டு மம்பட்டியால் அகலப்படுத்தணும். கொய்யா, நெல்லி, முருங்கைக்கு 18 இஞ்ச், 24 இஞ்ச் திருகு வச்சுப் போடுறாங்க. ஈரக் கரிசலில் சுற்றினால் குழிச் சுவர் பானை உள்பக்கம் மாதிரி வழவழவென்று பூசிக்கும். வேர் அதைத் துளைக்காது, தண்ணியும் இறங்காது. கன்று தொட்டியில் வச்ச மாதிரி நிற்கும். கடப்பாரையால் சுவரை நாலு பக்கமும் கொத்தி விட்டுட்டு நடுங்க.

பாதுகாப்பு. சுற்றுற திருகுப் பக்கத்தில் ஒருத்தரும் நிற்கக் கூடாது. "நேரா இறங்கலை, கொஞ்சம் பிடி" என்று சொல்லி ஆளை நிறுத்துற பழக்கம் ரொம்ப மோசம். வேட்டி, துண்டு, சேலை முந்தானை, எது பட்டாலும் இழுத்துக்கும். வண்டி ஓட்டுறவர் திரும்பிப் பார்க்கிறதுக்குள்ளே எல்லாம் முடிஞ்சிடும். பிடிஓ தண்டுக்கு மூடி இல்லாத மெஷினை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீங்க. ஹோஸில் ஊசித் துளை விட்டு ஆயில் பீச்சினால் கையை வச்சுத் தடவிப் பார்க்காதீங்க; அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைச்சு உள்ளே போகும், விரலையே எடுக்க வேண்டி வரும். அட்டையை நீட்டிப் பாருங்க. ரோட்டோரம் குழி போடுமுன் கேபிளும் கூட்டுக் குடிநீர்க் குழாயும் எங்கே போகுது என்று பஞ்சாயத்தில் கேட்டுக்கோங்க.

இனி கோரிக்கைக்கு வர்றேன். நம்ம ஊர் சிலப்பதிகாரத்தில் வருது, தெரியுமா? தங்கால் என்று. இந்த ஊர் வார்த்திகன் என்பவரைப் பாண்டியனின் காவலர்கள் அநியாயமாகப் பிடிச்சுச் சிறையில் போட, ஐயை கோயில் கதவு திறக்காமல் போனதாம். ராசா விசாரிச்சுத் தப்பை ஒத்துக்கிட்டு, அவரை விட்டுட்டு, தங்காலையும் வயலூரையும் அவருக்கே கொடுத்தானாம். நமக்கு எந்தக் கதவும் அப்படித் தானாகச் சாத்திக்கொள்ளாது. அதனால் நாமே போய் அலுவலக வாசலில் உட்காரப் போறோம்.

என்ன கேட்கப் போறோம்? 2014-15ல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் பட்டியலில் குழி தோண்டும் கருவியும் இருக்கு. பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம். சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் 50 சதவீதம் என்று மானியம் வகுத்தாங்க. அதில் உச்சவரம்பு உண்டு. தனிப் பம்ப், டாங்கியோடு வர்ற ஹைட்ராலிக் செட்டை முழுசாக ஒரே கருவியாக எடுத்துக்கிட்டு மானியம் கொடுக்கணும் என்பது நம்ம கோரிக்கை. திருகுக்குத் தருவோம், பம்ப்புக்குத் தர மாட்டோம் என்றால் காளையைக் கொடுத்துட்டு நுகத்தடியைப் பிடுங்கிக்கிற கதைதான்.

மெஷினைச் சோதிச்சுச் சான்று தர்ற மத்திய அரசு நிறுவனம் நம்ம தென்மண்டலத்துக்கு அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னெயில் இருக்கு. சோதனை அறிக்கையைக் கடைக்காரர் காட்டணும். அதில் எத்தனை லிட்டர் ஆயில், எத்தனை பார், எந்தக் குதிரை சக்தி வண்டிக்கு என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கடையில் ஒட்ட வைக்கணும் என்று கேட்கிறோம். அந்த ஒரு தாள் போன வருஷம் இருந்திருந்தால் உங்க 80,000 ரூபாய் மாட்டியிருக்காது.

வரி. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும், உழவு, மண் பண்படுத்தும் கருவிகளுக்கும் ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைஞ்சது. குழி மெஷினை 8432 என்ற விவசாயக் கருவித் தலைப்பில் பில் போட்டால் 5 சதவீதம். மண் துளைக்கும் இயந்திரம் என்று 8430ல் போட்டால் 18 சதவீதம். ஒரு லட்சம் ரூபாய்ப் பொருளில் 13,000 ரூபாய் வித்தியாசம். வேலிக் கால் ஊன்றுகிறவன் என்ன சாலை காண்ட்ராக்டரா? டிராக்டரில் மாட்டுற குழி மெஷின் விவசாயக் கருவிதான் என்று தெளிவாக உத்தரவு வரணும். அது வரும்வரைக்கும் கொட்டேஷன் வாங்கும்போதே தலைப்பு எண்ணைப் பார்த்துக்கோங்க.

வேளாண் பொறியியல் துறை இ-வாடகை மூலம் டிராக்டரும் மற்ற இயந்திரங்களும் வாடகைக்கு விடுது. அதில் ஹைட்ராலிக் குழி மெஷின் ஒன்று நம்ம சிவகாசி வட்டத்துக்கு நிரந்தரமாக நிற்கணும். புரட்டாசியிலிருந்து மார்கழி வரைக்கும் அது விவசாய வேலையைத் தவிர வேறெங்கும் போகக் கூடாது.

கடைசியாக, சோலார் வேலி மானியம். 2020-21ல் 40 சதவீதம் என்று கொடுத்தாங்க. தனித்தனி விவசாயிக்கு என்பதைக் குழுவுக்கு என்று மாற்றணும் என்று கேட்கிறோம். ஏன் என்றால், ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு 835 அடி. பத்தடிக்கு ஒரு கால் என்றால் 84 கால். பத்துப் பேர் தனித்தனியாக ஒரு ஏக்கர் வேலி போட்டால் 840 கால். அந்தப் பத்து ஏக்கரும் ஒட்டி இருந்து சேர்ந்து ஒரே வேலி போட்டால் சுற்றளவு 2,640 அடி, 264 கால். மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. கம்பியும் அப்படியே குறையும், பாட்டரியும் குறையும், அரசாங்கம் கொடுக்கிற மானியமும் குறையும். இவ்வளவு லாபமான கணக்கை அதிகாரிகள் ஏன் பார்க்க மாட்டேங்கிறாங்க என்று எனக்குப் புரியலை. நம்ம பக்கமும் ஒரு குறை இருக்கு. வரப்புத் தகராறில் அண்ணன் தம்பியே பேசிக்கிறதில்லை. அப்புறம் எங்கே ஒரே வேலி? அதைப் பேசித் தீர்க்கிற வேலையைச் சங்கம் எடுத்துக்கும். முதல் பஞ்சாயத்துக்கு என் வீட்டு வரப்பையே கொண்டு வர்றேன். என் மைத்துனரும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கார்.

கணக்கு இன்னும் முடியலை. தனிப் பம்ப், டாங்கி, கியர் பெட்டிக்குப் பட்டறையில் ஆன செலவு சங்கத்தின் மேல் கடனாக நிற்குது. ரசீது எல்லாம் பொருளாளர் மேசையில் இருக்கு, யார் வேணும்னாலும் பார்க்கலாம். நாற்பது பேரிடம் திரும்பக் கேட்க எனக்கு வாய் வரலை. மெஷின் வாடகையில் கழிச்சிடலாம் என்பது என் யோசனை. உறுப்பினருக்கு ஒரு வாடகை, வெளியாளுக்குக் கொஞ்சம் கூடுதல். வேண்டாம், செயலாளர் தன் கையிலிருந்து கட்டணும் என்று பொதுக்குழு சொன்னால் அதுக்கும் தயார். தவணை மட்டும் கொடுங்க.

போராட்டத்துக்கு வரும்போது டிராக்டர் வச்சிருக்கிறவங்க வண்டியோடு வாங்க. வண்டியின் ஆர்.சி. நகல், பட்டா நகல், ஆதார் நகல், மூணும் எடுத்துக்கோங்க; மனுவோடு அன்றைக்கே சேர்த்துக் கொடுத்திடலாம். புறப்படும் முன்னாடி வண்டிக்குப் பின்னால் போய், ஆயில் லைன் ஒன்றா ரெண்டா, ரிவர்ஸ் பிடிஓ இருக்கா இல்லையா என்று பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிட்டு வாங்க. எந்த ஊரில் எத்தனை வண்டி, எதில் எந்த மெஷின் ஓடும் என்ற பட்டியல் அதிகாரிகளிடம் இல்லை. அன்றைக்கு நாம தயாரிச்சுக் கையில் கொடுப்போம்.